ஐயாசாமியண்ணனும் ஜமீன் கிடாவும்

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் ஜோசியரைப் பார்ப்பதற்கு முன்னால் ஐயாசாமியண்ணனைப் பார்த்துவிட வேண்டும். பார்க்காவிட்டால் அவரே வந்துவிடுவார். தரகு என்று எதுவும் வாங்க மாட்டார். வயிறாரச் சாப்பாடும், நாலு பேர் முன்னால் முதல் நாற்காலியும் கிடைத்தால் போதும். சோமனூரைச் சுற்றித் தறி ஓடும் ஊர்களில் அவர் கை நனைக்காத கல்யாண வீடு குறைவு.

அவருடைய கெட்டிக்காரத்தனம் எல்லாம் முறை சொல்வதில்தான். பெண் வீட்டார் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், அவர்களுடைய பாட்டன் எந்தக் காட்டில் பண்ணையம் பார்த்தார், எந்த ஊருக்குக் குடிபோனார், யாருக்கு யார் பங்காளி என்று அவிழ்த்துவிடுவார். ஒருமுறை கணபதியில் ஒரு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் கையைத் தூக்கிவிட்டார். "நிறுத்துங்க. ரெண்டு பாட்டனும் ஒரே கோயில்ல பொங்க வெச்சவங்க. பங்காளிங்க. இதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறைங்க" என்றார். அந்தப் பையனும் பெண்ணும் அதற்கு முன் ஒருவரையொருவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார்கள். இருந்தாலும் அண்ணன் தங்கையாகி அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். பிரியாணி மட்டும் வீணாகாமல் பார்த்துக்கொண்டார் அண்ணன்.

என் கல்யாணத்தையும் அவர்தான் முடித்துவைத்தார். அதற்காக அவரை இன்னும் மன்னிக்கவில்லை என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

பங்காளியில் கட்டக் கூடாது, மாமன் மச்சானில் கட்டினால் அமிர்தம். அவருடைய சட்டம் அவ்வளவுதான். அதற்குச் சாட்சியாகத் தன் வீட்டையே காட்டுவார். அவர் கட்டியிருப்பது சொந்த அக்கா மகள் கனகத்தை. "தாய்மாமன் இருக்கறப்ப அசலூர்ல மாப்ள தேடறதுக்கு நமக்கு என்னங்க கேடு?" என்று கேட்பார். பதில் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார் என்பதால் யாரும் சொல்வதில்லை.

கல்யாண வேலை இல்லாத நாட்களில் அவர் ஆட்டுக்காரர். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். இவர் தறி ஓட்டி ரெண்டரை ஏக்கர் கொறங்காடு வாங்கினார். உழாமல் புல்லுக்கு விட்ட மேய்ச்சல் காட்டைத்தான் அப்படிச் சொல்வோம். நாலு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள். காலையில் செம்மறிகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால், ஊர் ஊராகப் போய் முறை சொல்லிவிட்டுச் சாயங்காலம் வந்து திறந்துகொள்ளலாம். அவருக்கென்றே செய்த தொழில்.

வேலிக்குள் முப்பது பெட்டை ஆடுகளுக்கு ஒரே ஒரு கிடா. அதன் பெயர் ஜமீன். நல்ல சிவப்பு, அகன்ற நெஞ்சு, யாரையும் மதிக்காத நடை. நான் என் டெம்போவில் தறிகளுக்குப் பாவு நூல் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது ஹாரன் அடித்தால் எல்லா ஆடும் ஓடும், ஜமீன் மட்டும் நின்று என்னை ஏற இறங்கப் பார்க்கும். அதைக் குட்டியாக வாங்கி வந்து ஆறு வருடமாயிற்று. அடுத்தவர் கிடா வேலியோரம் வந்து நின்றாலே அண்ணன் கல்லை எடுத்துவிடுவார். "ஊரான் கெடாவுக்கு வம்சம் தெரியுமாங்க?" என்பார். ஜமீனுக்குப் பிறந்த பெட்டைக் குட்டிகளை விற்கவும் மனம் வராது. அவை வளர்ந்து அதே காட்டில் குட்டி போட்டன. அந்தக் குட்டிகளும் வளர்ந்தன.

போன வருடம் பிறந்த குட்டிகளில் இரண்டுக்குக் கீழ்த்தாடை குட்டையாக இருந்தது. மேல்வாய் கிளி மூக்கு மாதிரி முன்னால் நீண்டிருந்ததால் தாயின் காம்பைப் பிடிக்க முடியவில்லை. இந்த வருடம் அதேபோல இன்னும் மூன்று. ஐயாசாமியண்ணன் யோசித்துப் பார்த்து, கண்ணேறு என்று முடிவு கட்டினார். யார் கண் என்று தேடியதில், எப்போதோ ஒருநாள் "குட்டிக கும்முன்னு இருக்குதுங்கண்ணா" என்று சொன்ன என்மேல் வந்து நின்றது. படலில் பூசணிக்காய் தொங்கியது. ஜமீன் கழுத்தில் கறுப்புக் கயிறு ஏறியது. ஒரு மாதம் எனக்கு அந்த வீட்டில் டீ கிடைக்கவில்லை.

குட்டிகளைப் பிழைக்க வைத்தது கனகம் அக்காதான். தாய் ஆட்டைக் கறந்து, துணியைத் திரியாக்கிப் பாலில் நனைத்து, சொட்டுச் சொட்டாகக் குட்டியின் வாயில் விடுவார். அப்படியும் ஒன்று செத்துப்போயிற்று.

இதற்கு நடுவில்தான் அந்த வீட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். பெண், அண்ணனின் ஒரே மகள் செவ்வந்தி. ஆர்.எஸ்.புரத்தில் பட்டுப் புடவைக் கடையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை, கனகம் அக்காவின் கூடப்பிறந்த தம்பி தமிழ்வேந்தன். செவ்வந்திக்குச் சொந்தத் தாய்மாமன். கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட, அவனை வளர்த்தது அக்காதான். வெளியில் பெண் எடுத்துவிட்டால் தம்பி இந்த வாசலை மிதிக்க மாட்டான் என்பது அக்காவின் பயம். அண்ணனுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. முறை இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறான், அவ்வளவுதான்.

செவ்வந்திக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "அப்பா, மாமன எனக்கு மாமனாத்தான் புடிக்குமுங்க. கட்டிக்க முடியாது" என்று சொல்லிப் பார்த்தாள். "மாமன்னா அப்பறம் கட்டறதுக்குத்தான கண்ணு" என்றார் அண்ணன். அன்றிலிருந்து அவள் அவரிடம் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை நிச்சயம். நல்ல பையனைக் கட்டிக்கொள்ள என்ன வலிக்கிறது என்று ஊரே அவளைத்தான் கேட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் முறை விஷயத்தில் ஐயாசாமியண்ணனிடம் யார் வாயைக் கொடுப்பது?

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தியே போன் செய்து கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தாள். சாய்ப்ரியா என்று பெயர், புதிதாக வந்தவர். குட்டிகளின் வாயைத் திறந்து பார்த்தார். ஜமீனின் பல்லைப் பார்த்தார். பிறகு ஐயாசாமியண்ணனிடம் கேட்டார்.

"இந்தக் குட்டிக்குத் தாய் எதுங்க?"

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. யாரிடம் போய் வம்சம் கேட்கிறார்!

"அந்தா, காதுல மச்சம் இருக்குதுங்களே, செவலை. அவதான். செவலைக்குத் தாயி பூங்காவி. பூங்காவிக்குத் தாயி கெழவி. கெழவிய நான் சந்தையில சினையாப் புடிச்சுட்டு வந்தனுங்க."

"குட்டிக்குத் தகப்பன்?"

"ஜமீனுங்க."

"செவலைக்குத் தகப்பன்?"

"ஜமீன்."

"பூங்காவிக்கு?"

"ஜமீ..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஒரே கோயிலில் பொங்கல் வைத்த பாட்டன்களைக் கண்டுபிடித்துக் கல்யாணங்களை நிறுத்திய மனிதர் அவர். தன் படலுக்குள் இத்தனை வருடமாக நடந்த சம்பந்தத்தை இப்போதுதான் தன் வாயாலேயே கேட்டார்.

"ஜமீனப் பாத்தா ஒரு கொறையும் தெரியாதுங்க" என்றார் டாக்டரம்மா, மற்றக் குட்டிகளின் தாய் எது எதென்றும் விசாரித்துவிட்டு. "அதோட ரத்தத்துல இந்தத் தாடைக் கொறை மறைஞ்சு கெடக்கலாம். தகப்பன் வழியில மட்டும் வந்தா குட்டிக்கு ஒண்ணும் ஆகாது. தாய் வழியிலயும் அதே கொறை வந்து சேர்ந்துச்சுன்னாத்தான் வெளிய தெரியும். மகளுக்கும் பேத்திக்கும் அதே கெடான்னா, அப்படிச் சேர்றதுக்கு வாய்ப்பு அதிகமுங்க. தீவனக் கோளாறுலயும் சில சமயம் வரும். ஆனா நீங்க வெளிய வாங்குன ஆடு எதுக்கும் இப்படிப் பொறக்கல. கொறையுள்ள குட்டி அத்தனையும் ஜமீன் மகளுக வயித்துலதான் பொறந்திருக்குது."

"அப்பனும் மகளுமா! அய்யய்யோ, முறை கெட்டுப்போச்சுங்களே!" என்று அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் ஜமீன் எந்த வெட்கமும் இல்லாமல் அசைபோட்டுக்கொண்டு நின்றது.

ஆனால் முறை கெட்டால் முறையைச் சரிசெய்யத் தெரியாதவரா? சித்த நேரத்தில் தெளிந்துவிட்டார்.

"ஒரு வழி இருக்குதுங்க டாக்டரம்மா. கெழவி வந்தப்ப சினைன்னு சொன்னனுங்களே, அதுல பொறந்தது ஒரு கெடா. ஜமீனுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. வடக்குக் காட்டுக்காரரு வளக்கறாரு. பூங்காவிக்கு அண்ணன். அப்ப செவலைக்குத் தாய்மாமனாச்சு! முறைப்படி அவன்தானுங்க சரி. நாளைக்கே கொண்டாந்துர்றேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "தாய்மாமனும் அதே ரத்தந்தானுங்களே. கெழவி ரத்தத்துல வேற என்ன மறைஞ்சு கெடக்குதோ, நமக்கென்ன தெரியும்? மாமன் வேண்டாமுங்க. சொந்தமே இல்லாத கெடாவாப் பாருங்க."

குட்டியை மடியில் வைத்திருந்த செவ்வந்தி தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். கனகம் அக்கா பால் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டெம்போ சாவியைப் பார்த்தேன். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"ஆடு வேற, மனுசன் வேறங்க" என்றார் அண்ணன், யாரும் கேட்காமலே.

"மனுசங்களப் பத்தி மனுச டாக்டரக் கேளுங்க. நான் ஆட்டுக்குத்தான் சொல்லுவேன்" என்று அவர் கையைக் கழுவப் போனார். போகும்போது, ஜமீனை இனச்சேர்க்கைக்கு வைக்கக் கூடாது, அதற்காக வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஐயாசாமியண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு என் டெம்போ முன்னால் நின்றார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போக வேண்டுமாம். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒண்ணு கேக்கோணும் தம்பி" என்றார். தெரிந்த ஒருத்தர் யாரென்று நானும் கேட்கவில்லை. நான் வெளியில் காத்திருந்தேன். திரும்பி வந்து ஏறியவர், வண்டி நகர்ந்ததும் சொல்ல ஆரம்பித்தார்.

"எல்லாத்துக்கும் அப்படி ஆகறதில்லையாம் தம்பி. சொந்தத்துல கட்டி நல்ல புள்ளைக பெத்தவங்க எத்தனையோ பேரு இருக்கறாங்களாம். ஆனா கொறை வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்ங்கறாங்க. தாய் தகப்பனே நெருங்குன சொந்தமா இருந்து, புள்ளையையும் அதே சொந்தத்துல குடுத்தா இன்னும் எச்சாவாம்." கொஞ்ச தூரம் போனதும், "இன்னொண்ணும் கேட்டேன்" என்றார். அது என்னவென்று சொல்லவில்லை. வண்டியைக் கணபதிக்கு விடச் சொன்னார்.

தமிழ்வேந்தன் லேத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். "வாங்க மாமா. போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனுங்களே" என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டான். டீக்குச் சொன்னான். அண்ணன் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, ஜமீனிலிருந்து ஆரம்பித்தார். எத்தனையோ கல்யாணங்களைப் பேசி முடித்த வாய்க்கு ஒன்றைக் கலைக்க வார்த்தை கிடைக்கவில்லை. கெழவி, பூங்காவி, செவலை, தாடை, ரத்தம் என்று போய்க்கொண்டே இருந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"இப்ப ஆட்டுக்கு நான் என்னங்க மாமா பண்ணோணும்?" என்றான் அவன் பாவமாக.

"ஆட்டுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம் மாப்ள. வெள்ளிக்கெழம நிச்சயம் வேண்டாம்."

தமிழ்வேந்தன் லேத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நெசமாலுமா மாமா?" என்றான். கண் நிறைந்துவிட்டது. "அவளுக்கு மூக்குத் தொடச்சு, சடை போட்டு, பள்ளிக்கோடத்துல கொண்டு போயி உட்டவன் நானுங்க. அக்கா கேட்டப்ப எப்படிங்க மாட்டேங்கறது? தலைய ஆட்டிப்போட்டேன். அன்னீலிருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க மாமா." அதுவரை டீயோடு நிறுத்தியிருந்தவன், கடைக்கு மறுபடியும் போன் போட்டு முட்டை பப்ஸும் சொன்னான்.

"அக்காகிட்ட நீயே சொல்லிப்போடு" என்றார் அண்ணன்.

"நானா? நீங்க சொல்லுங்க மாமா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பப்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

அண்ணன் அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. கனகம் அக்கா பாக்கு வெற்றிலை, வரப்போகிற ஒரம்பரை சனத்துக்குச் சாப்பாடு என்று பேசிக்கொண்டிருக்க, இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பதிலாக ஜமீன் விஷயத்தை முடித்தார். கறிக்குக் கொடுக்க மனம் வராமல் டாக்டரம்மாவை வரவழைத்து விதையை நசுக்கிக் காயடிக்கச் செய்தார். கிடாவைப் பிடித்துக்கொள்ள ஆள் போதாமல் என்னைக் கூப்பிட்டார். நான் காலைப் பிடித்தேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கடா சாமி" என்று கண்ணை மூடிக்கொண்டார். இப்போது ஜமீன் மரத்தடியில் படுத்துத் தின்று கொழுத்துவிட்டது. நடை மட்டும் மாறவில்லை.

புதன்கிழமை தாராபுரம் பக்கம் ஒருவரிடம் புதுக் கிடா வாங்கப் போனோம். அண்ணன் கிடாவைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் தாயைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு தாயின் தாயை. கூடப்பிறந்ததில் எதற்காவது வாய் கோணலா, கண் இமை உள்ளே மடங்கியிருந்ததா, ஒற்றை விதையா என்று, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டார். "ஏனுங்க, கெடா வாங்க வந்தீங்களா, மாப்ள பாக்க வந்தீங்களா?" என்று அந்த ஆள் கேட்டே விட்டார். "ரெண்டுக்கும் இதுதானுங்க" என்றார் அண்ணன், கொஞ்சமும் சிரிக்காமல்.

சாயங்காலம் கிடாவை இறக்கும்போது கனகம் அக்கா வாசலில் உட்கார்ந்து குட்டிக்குத் திரியால் பால் விட்டுக்கொண்டிருந்தார். செவ்வந்தி அப்போதுதான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினாள். "எலைக்குச் சொல்லியாச்சுங்களா மாமா?" என்றார் அக்கா. மாமனைக் கட்டியவர், இன்னும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"எலை வேண்டாம் கனகு. நிச்சயம் வேண்டாம். மாப்ளகிட்டச் சொல்லிப்போட்டேன்."

அக்கா எழுந்துவிட்டார். "ஒரு ஆட்டு டாக்டரு சொன்னாங்கன்னு எந்தம்பிய வேண்டாங்கறீங்களா? ஏன், நம்ம கட்டல? நமக்கு என்னங்க கொறஞ்சு போச்சு?" என்று கத்தினார். கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

எங்கள் ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். செவ்வந்திக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். உதடும் அண்ணமும் பிளந்திருந்தது. பால் குடிக்க முடியவில்லை. நாற்பது நாள்கூட இருக்கவில்லை. அக்கா மாசமாக இருந்தபோது கிரகணத்தில் உட்கார்ந்து காய் அரிந்ததால்தான் அப்படி என்று ஊர் சொன்னது. ஐயாசாமியண்ணனும் சொன்னார். அக்கா யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. கிரகணம் என்றால் இன்றைக்கும் அன்று முழுக்கச் சமையலறைப் பக்கமே போக மாட்டார்.

"ஆரெஸ்புரத்துல நம்ம பையனப் பத்தியும் கேட்டேன் கனகு" என்றார் அண்ணன். "எதனாலன்னு இனி யாரும் சொல்ல முடியாதாம். நெருங்குன சொந்தத்துல கட்டுனதாலயும் இருக்கலாமாம், இல்லாமயும் இருக்கலாமாம். கெரகணத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு அடிச்சுச் சொல்லிப்போட்டாங்க. நீ ஒண்ணும் பண்ணல, புள்ள."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் காய் அரிஞ்சதுனால இல்லீங்களா மாமா?"

"இல்ல."

"நீங்களுந்தான சொன்னீங்க."

"சொன்னேன். நான் சொன்னது தப்பு."

அக்கா வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பையன் போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை என்று என் வீட்டுக்காரி பிறகு சொன்னாள். செவ்வந்தி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் புதுக் கிடாவின் கயிற்றைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபமும் அப்படி ஒரு பாசமும் சேர்ந்து வந்தன. எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"டேய் தம்பி. ஆமாடா, மாமா சொல்லிப்போட்டாரு. ஒண்ணும் அழுகல, சளி. வெள்ளிக்கெழம நீ வந்து சேரு, கறி எடுக்கச் சொல்லியிருக்கறேன். நிச்சயத்துக்கில்ல, சோத்துக்கு. அப்பறம் கேட்டுக்கோ, உனக்கு அசலூர்ல பொண்ணு பாக்கப் போறோம். அவ வந்ததுக்கப்பறம் இந்த ஊட்டுப் பக்கம் தலைய வெக்காம இருந்தயின்னா உங்காலு ரெண்டையும் ஒடைச்சுப்போடுவேன். வெள்ளிக்கெழமையானா அவளையும் கூட்டிக்கிட்டு இங்க வரோணும். அவ யாரோ எவளோ, இப்பவே சொல்லி வையி."